சடவுக் கலரின் அதிகாரபூர்வ வரலாறு

மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால், பந்தலுக்கு வெளியே எத்தனை பெட்டி கலர் சோடா இறங்குகிறது என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரருக்கு எத்தனை சொந்தத்தோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரிந்துவிடும். பெட்டி அதிகம் இறங்கினால் பெரிய குடும்பம் என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்தில் மனத்தாங்கலுக்குச் சடவு என்று பேர். சடவில் இருக்கிற சொந்தக்காரர் விசேஷத்துக்கு வராமல் இருக்கமாட்டார். வராவிட்டால் ஊர் அவரைத்தான் பேசும். ஆனால் வந்த இடத்தில் கை நனைக்கமாட்டார். சோறு தொடமாட்டார், காப்பி தொடமாட்டார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். குடித்தால் சடவு தீர்ந்துவிட்டதாக ஆகிவிடும். அத்தனை வருஷம் பாடுபட்டு வளர்த்த சடவை ஒரு சொம்புத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் மூடி உடைக்காத கலர் பாட்டிலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது கடைச் சரக்கு. அந்த வீட்டு அடுப்பும் அந்த வீட்டுத் தண்ணீரும் அதில் படவில்லை. பந்தல் காலில் ஓப்பனரைக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சடவுக்காரர் தானே பாட்டிலை எடுப்பார், தானே திறப்பார், எங்கேயோ பார்த்துக்கொண்டு குடிப்பார். வீட்டுக்காரரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வார். வந்தவர் வறண்ட தொண்டையோடு போகவில்லை என்று அவருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அந்தக் கலரைப் போடுவது சின்னக்கருப்பு சோடா கம்பெனி. லேபிளில் ‘கருப்பு மார்க் திராட்சைக் கலர்’ என்று இருக்கும். சின்னமனூரிலிருந்து வருசநாடு வரைக்கும் யாரும் அப்படிச் சொல்லி வாங்கியதில்லை. சடவுக் கலர் என்றுதான் கேட்பார்கள். சின்னக்கருப்பு காலமான பிறகு மகன் பால்பாண்டி கம்பெனியைப் பார்த்துவந்தார். வாயில்லாத மனுஷன். அவருக்கும் ஒரு சடவு இருந்தது. அக்கா மொக்கம்மாளோடு.

பால்பாண்டி புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அடித்த பத்திரிகையில், அக்கா வீட்டுக்காரர் பெயர் மனைவி வழி மச்சினன் பெயருக்குக் கீழே போய்விட்டது. அச்சாபீஸ்காரன் செய்த வேலை. ஆனால் பத்திரிகையை எடுத்துப்போய் வைத்தது பால்பாண்டி. மொக்கம்மாள் அன்றிலிருந்து பேசுவதில்லை. விசேஷம் எதற்கும் வருசநாட்டிலிருந்து பஸ் ஏறி முதல் ஆளாக வருவாள். ஓரமாக உட்காருவாள். ஒரு சடவுக் கலர் குடிப்பாள். போய்விடுவாள்.

ஊரில் எத்தனையோ கம்பெனி பாட்டில் கிடைக்கிறதே, அதில் ஒன்றை வாங்கி வைத்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. அது தம்பி காசு கொடுத்து வாங்கி உபசரித்த மாதிரி ஆகும். இது அவள் அப்பா பேர் போட்ட சரக்கு. அப்பன் கலரைக் குடிக்க மகளுக்குத் தம்பி தயவு எதற்கு? மொக்கம்மாள் இதை யாரிடமும் விளக்கியதில்லை. பால்பாண்டிக்கு விளக்கவும் வேண்டியதில்லை. தன் கையிலிருந்து அக்கா வாங்கிக்கொள்வதாக உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் பால்பாண்டி மகள் அபிதாவுக்கு வைகாசியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். அதே வாரம் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

மாவட்டப் பாரம்பரியப் பானத் தோற்ற ஆணையம் என்று ஒன்று தேனியில் இருப்பது அதுவரை பால்பாண்டிக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார். ஒரு தலைமுறைக்கு மேல் விற்பனையில் உள்ள எல்லாப் பானங்களும் தம் தோற்ற வரலாற்றுக்குச் சான்று பெறவேண்டும். பெறாதவை ‘தோற்றம் அறியப்படாத பானம்’ என்று வகைப்படுத்தப்பட்டு, யாருக்கும் சொந்தமில்லாத சரக்காகக் கருதப்பட்டுப் பறிமுதல் செய்யப்படும் என்று நோட்டீஸ் சொன்னது.

“யாருக்கும் சொந்தமில்லன்னா? நம்ம சோடா கம்பெனில நாம போடுறது யாருதாம்?” என்றாள் மனைவி பாண்டீஸ்வரி.

“அதத்தான் அவுக சொல்லணுமாம்.”

“நிச்சயத்துக்கு மதினி வருவாகளே. கலர் இல்லன்னா என்ன செய்வாக?”

பால்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினார்.

ஆணையம் மாடியில் இருந்தது. வாசலில் ‘வரலாறு கொண்டுவருவோர் வரிசையில் நிற்கவும்’ என்று பலகை. வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பதநீர்க்காரர் நின்றார். பதநீரைக் கண்டுபிடித்தவர் யார், அவருடைய வாரிசுகள் ஆட்சேபணையில்லாச் சான்று கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். அவருக்கு முன்னால் இளநீர் விற்கிற அம்மா. இளநீர் மூடி முத்திரையிடப்பட்ட பானம் என்ற பிரிவில் வருவதால், காய் ஒவ்வொன்றிலும் தயாரிப்புத் தேதி வேண்டுமாம். அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. திட்டுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆய்வு அலுவலர் தமிழ்மாறன் இளைஞர், நல்ல மாதிரி. அரசு கொடுத்த மாதிரி வரலாறு ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டு, அதில் கோடிட்ட இடங்களை நிரப்புவது அவர் வேலை.

“நிறுவனருக்குக் கனவு ஏதாவது வந்ததா?”

“சோடா மிஷின் சத்தத்துல எங்கப்பா தூங்குனதே கம்மி சார்.”

“மன்னர் பரம்பரையில் யாராவது இந்தப் பானத்தைப் பருகியிருக்கிறார்களா?”

“இல்லைங்க சார்.”

“வெளிநாட்டவர்?”

“கட்டப்பனைப் பக்கம் இருந்து ஏலக்கா தோட்டத்து ஆளுக வருவாக. ‘கொள்ளாம்’னு மலையாளத்துல மெச்சிட்டுப் போவாக.”

“வெளிமாநிலம். பரவாயில்லை, எல்லை கடந்த புகழ் என்று போட்டுக்கொள்ளலாம். திராட்சை எந்தத் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை?”

“திராட்சை லேபிள்ல படம் போட்டிருக்கோம் சார். உள்ள எசன்ஸ்தான். மதுரைல இருந்து வருது.”

தமிழ்மாறன் பேனாவைக் கீழே வைத்தார். சுற்றிலும் திராட்சைக் கொடி படர்ந்த பள்ளத்தாக்கில், திராட்சை இல்லாத திராட்சைக் கலரை ஒருவர் குடும்பத்தோடு போட்டு வருகிறார் என்பதை அவர் மனசு ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ‘திராட்சையின் நினைவில் உருவான பானம்’ என்று எழுதினார். கெட்டிக்காரப் பையன், முன்னுக்கு வருவான்.

“சரி, இது எப்படிப் பிரபலமாச்சு? அதைச் சொல்லுங்க.”

இந்த ஒரு கேள்விக்குத்தான் பால்பாண்டியிடம் முழுப் பதில் இருந்தது. சொன்னார்.

“எங்கப்பா கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல கலரு ஓடல சார். அப்ப எங்கூர்ல ஒரு காதுகுத்து. பங்காளிகளுக்குள்ள வாய்க்கா தண்ணில சடவு. வந்தாக, ஆனா பச்சத்தண்ணி தொடல. நல்ல வெயிலு. எங்கப்பா பந்தலுக்கு வெளிய சைக்கிள்ல பெட்டி வச்சு நின்னுக்கிட்டு இருந்தாக. சடவுல இருந்த ஒருத்தரு, ‘இது கடைச் சரக்குதான, வீட்டுத் தண்ணி இல்லையே’ன்னு ஒரு பாட்டில எடுத்துக் குடிச்சுப்புட்டாரு. அவரு குடிச்சதும் அவரு பக்கத்து ஆளுக பூராம் குடிச்சாக. அன்னைக்கிப் பிடிச்சது. சடவு இருக்குற வரைக்கும் எங்க கலரு ஓடும்னு எங்கப்பா சொல்லுவாக.”

தமிழ்மாறன் அதை அப்படியே எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கே பயமாக இருந்தது. “இதை ஆணையத்துல நேர்ல விசாரிப்பாங்க. சாம்பிள் பாட்டில் கொண்டு வாங்க” என்றார்.

விசாரணை பங்குனியில் நடந்தது. அதற்கு முன்னால் ஆணையத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்குத் தலைவர் ஒருவர், முனைவர் பிச்சைமணி. செயலர் ஒருவர், சுரேஷ்கண்ணன். ஆணையத் திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்பதில் ஏதோ ஆகி, இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எதிரெதிர் அறை. ஒரே மேஜையில் உட்கார்ந்தாலும் நடுவில் தமிழ்மாறன் நிற்கவேண்டும்.

“விசாரணையைத் தொடங்கலாம் என்று செயலரிடம் சொல்லுங்கள்” என்றார் தலைவர், செயலரிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து.

“சார், தொடங்கலாமாம்” என்றார் தமிழ்மாறன்.

“கேட்டது என்று தலைவரிடம் சொல்லுங்கள்.”

“கேட்டதாம் சார்.”

பால்பாண்டிக்கு இந்த இடம் திடீரென்று பழகின இடம் மாதிரி தோன்றியது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி கொஞ்சம் தைரியமும் வந்தது.

டீ வந்தது. செயலர் பிரிவிலிருந்து வந்த டீ. தலைவர் டம்ளரை விரலால் தள்ளி வைத்தார். தலைவர் அறையிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் வந்தது. செயலர் அதைப் பார்க்கவே இல்லை. மாடி அறை, மின்விசிறி பழுது, பங்குனி வெயில். விசாரணை நீண்டது. மேஜையில் சாம்பிள் பாட்டில்களும், பால்பாண்டி பழக்கதோஷத்தில் கயிறோடு கொண்டுவந்திருந்த ஓப்பனரும் இருந்தன.

முதலில் தலைவர் ஒரு பாட்டிலை எடுத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடித்தார். அவர் வைத்ததும் செயலர் ஒன்றை எடுத்து, கதவைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

“இதத்தாங்கய்யா நான் சொன்னேன்” என்றார் பால்பாண்டி.

தமிழ்மாறன் கூரையைப் பார்த்தார்.

“சாம்பிள் பரிசோதனை செய்யப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் தலைவர். “இரண்டு அதிகாரிகள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள் என்று குறியுங்கள்” என்றார் செயலர். இரண்டையும் தமிழ்மாறன் குறித்தார்.

பிறகு தலைவர் எழுந்து பேசினார். கேட்க மூன்று பேர் இருந்தாலும் அவர் மைதானத்துக்குப் பேசுகிறவர். “பால்பாண்டி அவர்களே, நீங்கள் சொன்னது நடந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது எல்லாம் வரலாறு ஆகாது. அரசாங்கம் தாங்கக்கூடியதுதான் வரலாறு. ஒரு மாவட்டத்தின் பானம் சண்டையில் பிறந்தது என்று நாங்கள் சான்று கொடுத்தால், மாவட்டத்தில் சண்டை இருக்கிறது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். இந்த மாவட்டத்தில் சண்டை இல்லை. இந்த அலுவலகத்திலேயே பாருங்கள், நானும் செயலரும் இதுவரை ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை.”

“பேசினாத்தான சார் தடிக்கும்” என்று தமிழ்மாறன் தனக்குள் சொல்லிக்கொண்டார். செயலர் அதற்குமேல் போனார். “எதிர்மறைத் தோற்றம் உள்ள பானங்களுக்கு நேர்மறைத் தோற்றம் வழங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று தலைவரிடம் சொல்லுங்கள்.”

நேர்மறைத் தோற்றம் வழங்கப்பட்டது. அதன்படி, சின்னக்கருப்பு என்னும் அருளாளர் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்திருந்தபோது, பகை கொண்ட சகோதரர் இருவர் அவ்வழியே வந்தனர். அவர் ஒரே பாட்டிலை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இருவரும் பருகிக் கட்டித்தழுவினர். அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கில் பகை மறக்க விரும்புவோர் இப்பானத்தைப் பருகுவது மரபாயிற்று.

“எங்கப்பா டம்ளரே வச்சுக்கிட்டதில்லைங்கய்யா” என்றார் பால்பாண்டி.

“இனி வைத்திருந்தார்” என்றார் தலைவர்.

கலருக்குப் பெயர் ‘ஒற்றுமைப் பானம்’. லேபிளில் பெரிய எழுத்தில் அது வரவேண்டும். அதன்கீழ் ஆணையம் அருளிய வாசகம்: ‘இதைப் பருகுவோர் பகை மறந்தோர்.’ இந்த லேபிள் இல்லாத பாட்டில் தோற்றம் அறியப்படாத பானம். பால்பாண்டிக்கு அந்த வாசகத்தைக் கேட்டதும் அக்கா ஞாபகம் வந்தது. ஆனால் சான்று இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை. கும்பிட்டுவிட்டு வந்தார்.

சான்றிதழ் வழங்கும் விழா தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையின் இந்தப் பக்கம் தலைவர் பெயர் முதலில் வருகிற பேனர், அந்தப் பக்கம் செயலர் பெயர் முதலில் வருகிற பேனர். நடுவில் மேஜை, புது லேபிள் ஒட்டின பாட்டில்கள். போட்டோ எடுக்க வந்தவர், “சார், ரெண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொண்ணு குடிக்கிற மாதிரி ஒரு ஸ்டில்” என்றார்.

தலைவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். லேபிளில் தன் வாசகத்தைப் படித்தார். ஓரக்கண்ணால் செயலரைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

“எனக்குச் சுகர் இருக்கு” என்றார்.

“எனக்கும் இருக்கு என்று போட்டோகிராபரிடம் சொல்லுங்கள்” என்றார் செயலர். தமிழ்மாறன் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் தாகத்துக்குக் குடிக்கிறவர்கள் குடித்தார்கள். விசேஷ வீடுகளில் ஒரு பாட்டில் திறக்கவில்லை. போன பெட்டி போனபடியே திரும்பிவந்தது. பாட்டிலைக் கையில் தொட்டாலே சமாதானம் ஆகிவிட்டதாக எதிராளி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறான் என்று ஒருவர் கம்பெனிக்கே வந்து குறைப்பட்டார். சடவுக்காரர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். சிலர் வெயிலைச் சாக்காகச் சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒற்றுமை வந்ததும் சொந்தம் விட்டுப்போயிற்று.

நிச்சயத்தன்று மொக்கம்மாள் வந்தாள்.

வருசநாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டிருக்கவேண்டும். முகம் காய்ந்திருந்தது. அபிதாவைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினாள், தலையில் பூ வைத்துவிட்டாள். தம்பி இருந்த பக்கம் திரும்பவில்லை. தட்டு மாற்றி முடிகிறவரை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த பாட்டில் ஒன்றை எடுத்தாள். ஓப்பனரையும் பிடித்துவிட்டாள்.

பால்பாண்டி மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொக்கம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பாட்டிலைத் திருப்பினாள். உதடு அசைந்தது. ஒற்றுமை என்பதைப் படித்தாள். கீழே இருந்ததையும் படித்தாள். பக்கத்தில் நின்ற பாண்டீஸ்வரியைப் பார்க்காமல், பந்தல் காலைப் பார்த்துக் கேட்டாள்.

“இங்கன அப்பா பேரு இருந்துச்சே, எங்க?”

“கவர்மென்ட்டுல மாத்திப்புட்டாக மதினி. நாங்க என்ன செய்ய” என்றாள் பாண்டீஸ்வரி.

மொக்கம்மாள் பாட்டிலைத் திரும்பத் தண்ணீருக்குள் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். நிச்சய வீட்டிலிருந்து அக்கா நாக்கு வறண்டு போகிறாள். பால்பாண்டிக்கு அந்த நிமிஷம் சான்றிதழையும் ஆணையத்தையும் சேர்த்து ஆற்றில் விடவேண்டும்போல இருந்தது. கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனுஷன், அதனால் நின்றார். பிறகு தொட்டிக்குப் போனார்.

பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். நன்றாக ஊறியிருந்த லேபிள். ஒற்றுமை முதலில் வந்தது. பகை மறந்தோர் கொஞ்சம் மக்கர் செய்தது, அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். பந்தல் காலிலிருந்து ஓப்பனரைக் கயிறோடு அவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

மொக்கம்மாள் பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேறொருத்தி, வாழைத்தார் ஏற்றிப்போக வந்தவள், அந்தக் கோடியில் இருந்தாள். பால்பாண்டி பாட்டிலையும் ஓப்பனரையும் பெஞ்சின் நடுவில் வைத்தார். தள்ளிப்போய், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

மொக்கம்மாள் பாட்டிலைப் பார்த்தாள். லேபிள் இல்லை, பசை மட்டும் ஒட்டியிருந்தது. மூடி உடையவில்லை.

“ஏத்தா, இது யாரு சரக்குன்னு கேளு” என்றாள் வாழைத்தார்க்காரியிடம்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பால்பாண்டியைப் பார்த்தாள்.

“யாருதுன்னு தெரியாத சரக்குன்னு சொல்லும்மா” என்றார் பால்பாண்டி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “லேபிளு இல்லன்னா யாருக்கும் சொந்தமில்ல. கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துருக்கு.”

மொக்கம்மாள் பாட்டிலைப் பக்கம் இழுத்தாள். ஓப்பனரை எடுத்தாள். மூடி கழன்று விழுகிற சத்தம் கேட்டது. பால்பாண்டி திரும்பவில்லை. மடக்கு மடக்காக அவள் குடித்து முடிக்கிறவரை திரும்பவில்லை.

பஸ் வந்தது. காலிப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மொக்கம்மாள் எழுந்தாள். படியில் கால் வைத்தவள் நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“கேஸு பத்தல. அப்பா போட்டா சுருக்குன்னு ஏறும், மூக்குல தண்ணி வரும். அந்தாளுகிட்டச் சொல்லிரு.”